சாம்பல் எழுத்தும் மூன்றாவது ஷிப்டும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் 57-ம் எண் மாநில நெடுஞ்சாலையைப் பற்றி யார் பேசினாலும் முதலீட்டுக் கோடிகளும் வேலைவாய்ப்புக் கணக்கும்தான் முன்னால் வந்து நிற்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை, அடுத்த ஆண்டே ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு ஆலைகள் மறைமலை நகரிலிருந்து வல்லம் வடகால் வரை பரவிக் கிடக்கின்றன. இத்தனை பேச்சிலும் இடம்பெறாத ஒரு பொருள் இந்த ஆலைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது: திரை. சி.என்.சி. எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை, அசெம்பிளி லைனில் அடுத்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லும் மானிட்டர், ஷிப்ட் இலக்கைக் காட்டும் ஆண்டான் பலகை, வருகைப் பதிவுக் கருவி என எட்டு மணி நேரமும் தொழிலாளி எதையாவது வாசித்துக்கொண்டேதான் வேலை செய்கிறார். அந்த எழுத்து வாசிக்கத் தக்க நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய பொறுப்பு? இப்போதைக்கு ஒருவருடையதும் இல்லை. மென்பொருளின் மெனு நிறம் ரசனை சார்ந்த விஷயம், வடிவமைப்பாளரின் விருப்பம் என்று விட்டுவிட்டோம். வெளிச்சம், காற்றோட்டம், குடிநீர் போல அதுவும் பணியிடத்தின் அடிப்படை நிலைமை. அளந்து பார்த்து வாங்க வேண்டியது. ஒரு வரம்புக்குள் அதை மாற்றிக்கொள்ளும் வசதி அதன் முன் நிற்பவர் கையில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்கள் கண்ணைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். அதன் 17-வது பிரிவு போதுமான வெளிச்சம் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. விளக்கிலிருந்து நேராக வரும் கூச்சத்தையும், வழவழப்பான பரப்பில் பட்டுத் திரும்பும் கூச்சத்தையும், கண்ணுக்கு அலுப்புத் தரும் நிழலையும் இயன்றவரை தடுக்க வேண்டும் என்றது. 108-வது பிரிவு இன்னும் சுவையானது. ஆலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். எடுப்பான, வசதியான இடத்தில் வைக்க வேண்டும். சுத்தமாகவும் படிக்கும்படியாகவும் பராமரிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. சுவரில் ஒட்டிய காகிதம் மங்கினால் அந்தச் சட்டப்படி குற்றம். அதே அறிவிப்பு இன்று திரைக்குப் போய்விட்டது. எந்திரத்தை எப்படி நிறுத்துவது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த அளவு எல்லை மீறிவிட்டது என்பதெல்லாம் மெனுவுக்குள் இருக்கின்றன. அங்கே மங்கினால் கேட்பாரில்லை. 1948 சட்டத்துக்கு மாற்றாக 2020-ல் நிறைவேற்றப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பும் போதிய வெளிச்சத்தை முதலாளியின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மேலே எரியும் குழல்விளக்கைச் சட்டம் பார்க்கிறது, கண்ணுக்கு எதிரே எரியும் திரையைப் பார்க்காது என்று யாராவது வாதிட்டால் அந்த வாதம் நெடுநேரம் நிற்காது.

அளப்பது எப்படி? எழுத்தின் ஒளிர்வுக்கும் அதன் பின்புலத்தின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம்தான் அளவுகோல். வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1, அதுதான் உச்சம். இணையத் தரங்களை வகுக்கும் வேர்ல்டு வைடு வெப் கன்சார்டியம் 2008 டிசம்பரில் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்றும் பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்றும் வரையறுத்தன. 4.5 என்பது வாயில் வந்த எண் இல்லை. நல்ல பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்ற பழைய தரத்தை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 80 வயதினருக்கு வழக்கமாக இருக்கும் பார்வைக் குறைவை ஈடுகட்ட ஒன்றரை மடங்கு கூட்டினார்கள். இந்த அளவுகோலை வைத்துக் கணக்கிட்டால் நம் கண் வழக்கமாக ஏமாறும் இடங்கள் தெரியும். வெள்ளைப் பின்புலத்தில் பளிச்சென்ற மஞ்சள் எழுத்தின் விகிதம் 1.07, இருப்பதும் இல்லாததும் ஒன்று. தூய பச்சை 1.4-ஐக்கூடத் தாண்டாது. தூய சிவப்பு 4-ல் நின்றுவிடும், தேர்வில் தோற்கும். கறுப்புப் பின்புலத்தில் தூய நீலம் 2.4 மட்டுமே, அந்த ஜோடியைப் பழைய கட்டுப்பாட்டுத் திரைகளில் பார்க்காதவர் குறைவு. நவீனமாகத் தெரிய வேண்டும் என்று இப்போது எல்லோரும் பூசும் இளஞ்சாம்பல் எழுத்து, வெள்ளைத் தரையில் 2.8 அளவில்தான் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். நிற எண்ணைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த 4.5 அலுவலக மேசையை மனதில் வைத்த எண். ஆலைத் தரையில் அது போதாது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்றே சான்று. வெள்ளைப் பின்புலம் சதுர மீட்டருக்கு 300 கேண்டெலா ஒளிரும் ஒரு புதிய திரை என்று வைத்துக்கொள்வோம். அதில் 4.5 தேர்வில் சரியாகத் தேறிய ஒரு சாம்பல் எழுத்து. இப்போது கூரை விளக்கின் பிரதிபலிப்பு 30 கேண்டெலா அளவுக்குத் திரை முழுதும் படிகிறது. தொழிற்சாலைத் திரைகள் பலவற்றின் பின்விளக்கு பாதி ஒளிக்கு இறங்கும் காலம் 50,000 மணி நேரம் என்று குறிப்பேடுகளில் போடுகிறார்கள். மூன்று ஷிப்டும் அணையாமல் எரியும் திரைக்கு அது ஆறு ஆண்டுகூட இல்லை. பாதி ஒளிக்கு வந்த திரையில், அதே பிரதிபலிப்பில், அந்தச் சாம்பல் எழுத்தின் விகிதம் 3-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதே இடத்தில் கறுப்பு எழுத்து 6-ல் நிற்கும். கண்ணாடிமேல் படிந்த எண்ணெய்ப் படலம், கீறல் விழுந்த பாதுகாப்புக் கண்ணாடி, கையுறையோடு தொட்டுத் தொட்டு மங்கிப்போன மேல்தாள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கண்காட்சி அரங்கில் அழகாகத் தெரிந்த மெனு, ஏழாம் ஆண்டின் மூன்றாவது ஷிப்டில், அதாவது சி ஷிப்டில், விடியற்காலை நான்கு மணிக்கு, தூக்கத்தோடு போராடும் ஒருவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. எந்திரத்தை வாங்கும் குழுவில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது. அந்தக் குழு பகலில்தான் கூடும்.

தமிழில் வாசிப்பவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. நம் எழுத்துகளின் வேறுபாடு பல இடங்களில் மிகச் சிறிய உறுப்பில் தங்கியிருக்கிறது: ஒற்றுக்கு மேல் ஒரு புள்ளி, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையே ஒரு சுழி, னகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையே ஒரு வளைவு. அதே புள்ளியளவில் ஆங்கில எழுத்து தாங்கும் மங்கலைத் தமிழ் எழுத்து தாங்காது. மெல்லிய கோடு, சின்ன அளவு, வெளிறிய நிறம் மூன்றும் சேர்ந்தால் முதலில் மறைவது புள்ளி. சொந்த மொழி என்பதால் விடுபட்டதை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். வாசித்துவிட்டோம் என்றே தோன்றும், உண்மையில் ஊகித்திருப்போம். பிழைச் செய்தி போன்ற பழக்கமில்லாத சொற்றொடரில்தான் அந்த ஊகம் தவறும். தமிழ்நாட்டில் எந்திரத் திரைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்பவர்கள் சேர்த்துக் கேட்க வேண்டியது இது: ஆங்கிலத்துக்கென்று தேர்ந்த நிறத்திலும் அளவிலும் தமிழைத் திணிக்காதீர்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் நிலை இன்னும் கடினம். மெனுவின் மொழி எதுவானாலும் அவர்களில் பலர் நிறத்தையும் சின்னத்தையும் நம்பியே எந்திரத்தை இயக்குகிறார்கள். அப்போது நிறம் அலங்காரமாக இருப்பதில்லை. எழுத்தின் வேலையையும் அதுவே சுமக்கிறது.

அப்படிச் சுமக்கும் நிறத்தைப் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்துவதில் பிறவியிலேயே குறை உள்ளவர்கள், வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவர். இந்தியாவில் விகிதம் அதைவிடக் குறைவு என்றே ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. நூற்றுக்கு இருவர் என்று குறைத்தே வைத்தாலும், ஆயிரம் ஆண்கள் வேலை செய்யும் ஆலையில் இருபது பேர். தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே அவர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர்கள் வேலை போய்விடும் என்று சொல்லாமல் இருக்கலாம். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. 1875-ல் ஸ்வீடன் நாட்டின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தபோது, உப்சாலாவின் உடலியல் அறிஞர் ஹோல்ம்கிரென் அதற்கு நிறக்குருடே காரணம் என்று வாதிட்டார். வண்ணக் கம்பளி நூல்களைத் தரம் பிரிக்கச் சொல்லும் சோதனையை ரயில்வேக்குள் கொண்டுவந்தார். விபத்துக்கு உண்மைக் காரணம் அதுதானா என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயப்பட்டிருக்கிறார்கள். ஆனால் சோதனை நிலைத்துவிட்டது. 1917-ல் ஜப்பானின் இஷிஹாரா உருவாக்கிய புள்ளித் தட்டுகள் இன்றும் பயன்படுகின்றன. சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் வந்து நிற்கும் புறநகர் ரயிலை ஓட்டுபவர் வரைக்கும் அந்த மரபு நீள்கிறது. நிறத்தை மாற்ற முடியாது, ஆகவே ஆளைத் தேர்ந்தெடு என்பது ரயில்வே கண்ட விடை. தொலைவில், மூடுபனியில், ஒரு விளக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில் அதற்கு நியாயம் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மெனுவுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அங்கே நிறத்தை மாற்ற முடியும்.

பழைய பொறியாளர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு எந்திரத்தின் தலையில் நிற்கும் டவர் லைட்டே சாட்சி. சிவப்பு மேலே, மஞ்சள் இடையே, பச்சை கீழே என்று வரிசை மாறாமல் அடுக்குவதால், நிறம் தெரியாதவரும் எந்த இடத்தில் எரிகிறது என்று பார்த்தே நிலையை அறிவார். அவசர நிறுத்தப் பொத்தான் சிவப்பாக, மஞ்சள் பின்புலத்தில், காளான் வடிவில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டும் கையால் தேடிப் பிடிக்கலாம். இந்த விளக்குகள் திரைக்குள் படமாகப் போனபோது இடமும் வடிவமும் கழன்றுபோய் நிறம் மட்டுமே மிஞ்சியது. ஒரே அளவு வட்டம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. தூய சிவப்புக்கும் வழக்கமான அடர்பச்சைக்கும் இடையிலான ஒளிர்வு விகிதத்தைக் கணக்கிட்டால் 1.3-க்கு 1-ஐ எட்டவில்லை. நிறம் பிரிக்கத் தெரியாத கண்ணுக்கு அந்த இரண்டு வட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்றைச் சதுரமாக்கி, பக்கத்தில் ‘ஓடுகிறது’, ‘நின்றது’ என்று ஒரு சொல் எழுதினால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. செலவில்லாத திருத்தம் என்பதாலேயே யாரும் செய்யாமல் இருக்கிறார்களோ என்று சில சமயம் தோன்றுகிறது.

நீதிமன்றங்களும் ஆளை விலக்கும் வழியிலிருந்து மெல்ல விலகி வருகின்றன. புனே திரைப்படக் கல்லூரி நிறக்குருடு உள்ள மாணவரைச் சேர்க்க மறுத்த வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கல்லூரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாடத்திட்டத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னது. 2025 ஆகஸ்டில், நிறக்குருடு காரணமாக வெளியேற்றப்பட்ட தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கு மாற்றுப் பணி தர உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அதற்கு முந்தைய நவம்பரில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று இன்னொரு அமர்வு ஒன்றிய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17802 தரமும் இருக்கிறது. 2023-ல் அது மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளுக்குள் வந்தது. ஆனால் இவை எல்லாம் இணையதளம், செயலி, வங்கி, அரசு அலுவலகம் என்ற பக்கமாகவே பேசப்படுகின்றன. ஒரகடத்து சி.என்.சி. பலகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக, நாற்பத்தைந்து வயதில் வெள்ளெழுத்து வந்த ஆபரேட்டர் மாற்றுத்திறனாளி இல்லை. எந்தச் சட்டப் பட்டியலிலும் அவர் வரமாட்டார். அறுபது வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, இருபது வயதில் சென்றதில் மூன்றில் ஒரு பங்களவே. அந்தச் சரிவு ஓய்வு பெறும் நாளில் திடீரென்று தொடங்குவதில்லை.

மறுப்புகள் வரும், வர வேண்டும். முதல் மறுப்பு பாதுகாப்பு அதிகாரிகளிடமிருந்து: ஆளாளுக்கு நிறத்தை மாற்றினால் அடுத்த ஷிப்டில் வருபவர் குழம்பிவிடுவார், ஒருவருக்குச் சிவப்பாக இருந்தது இன்னொருவருக்கு ஊதாவாகும், விபத்து நடக்கும். இது கனமான வாதம். ஆகவேதான் ‘ஒரு வரம்புக்குள்’ என்றேன். அபாயத்துக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், இயல்புக்குப் பச்சை என்று சர்வதேச மின்தொழில்நுட்பத் தரங்கள் வகுத்தவற்றை யாரும் தொடக் கூடாது; பூட்டி வைக்க வேண்டும். மாற வேண்டியது மெனுவின் எழுத்து, பின்புலம், எழுத்தின் அளவு. அதிலும் எண்ணற்ற நிறங்கள் வேண்டாம். சோதித்துத் தேர்ந்த மூன்று தொகுப்புகள் போதும். ஆபரேட்டர் தன் அடையாள எண்ணோடு நுழையும்போது அவருக்குரிய தொகுப்பு வரட்டும், வெளியேறும்போது பொதுத் தொகுப்புக்குத் திரும்பட்டும். எல்லோருக்கும் எட்டாம் நம்பர் பாதுகாப்புக் காலணியை மட்டுமே வாங்கிக் குவிக்கும் ஆலை எதுவும் இல்லையே. மேலும், நிறங்களைக் குறைப்பதே பாதுகாப்பு என்பதைத் தொழிற்துறை நெடுநாள் முன்பே கற்றுவிட்டது. 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின் முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாகக் கிளம்பின. எதைப் பார்ப்பது என்று அதை இயக்கியவர்களுக்குத் தெரியவில்லை. அந்த அனுபவமும் அதன் பின் வந்தவையும் சேர்ந்துதான் 2015-ல் ஐ.எஸ்.ஏ. 101 என்ற திரை வடிவமைப்புத் தரம் உருவாகும் நிலைக்குக் கொண்டுவந்தன. அதையொட்டி வளர்ந்த வடிவமைப்பு மரபு, திரையை அமைதியான சாம்பலில் வைத்துவிட்டு அபாயத்துக்கு மட்டும் நிறத்தைச் செலவழிக்கச் சொல்கிறது. நல்ல மரபு. அதை அரைகுறையாகப் புரிந்துகொண்டவர்கள் பின்புலத்தோடு எழுத்தையும் சேர்த்துச் சாம்பலாக்கிவிட்டதுதான் கோளாறு.

இந்த இடத்தில் இணைய நெறிமுறைகளோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. அந்த நேரத்தில் செயல்படாத மெனுவுக்கு 4.5 விதியிலிருந்து அவை விலக்கு அளிக்கின்றன. அழுத்த முடியாத பொத்தான் மங்கலாக இருந்தால் என்ன என்பது அதன் பின்னுள்ள எண்ணம். ஆலையில் அது சரிப்படாது. ஒரு பொத்தான் ஏன் உயிரற்றுக் கிடக்கிறது என்பதே அங்கே முதல் கேள்வி. கதவு மூடவில்லையா, காற்றழுத்தம் இறங்கிவிட்டதா, முந்தைய பிழையை யாரும் நீக்கவில்லையா? பெயரே தெரியாத அளவுக்கு மங்கிய பொத்தானைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. லைன் நிற்கும், மெயின்டனன்ஸ் ஆளுக்குப் போன் போகும், சூப்பர்வைசர் குரல் உயரும். செயலற்ற நிலையைக் கோட்டாலோ ஒரு பூட்டுச் சின்னத்தாலோ காட்டிவிட்டு எழுத்தைத் தெளிவாகவே விட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இளைஞர்களிடமிருந்து வரும்: இருட்டுப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து இருக்கிறதே, டார்க் மோடு, அதைப் போட்டால் கண்ணுக்கு இதம் ஆயிற்றே. இருட்டறையில் அது உண்மை. வெளிச்சமான இடத்தில் நிலைமை வேறு. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட சோதனையில், இளையவர், முதியவர் இரு சாராருமே வெளிர் பின்புலத்தில் அடர்எழுத்தைத்தான் நன்றாக வாசித்தார்கள். வெளிர் திரையின் முன் கண் பாப்பா சுருங்கி உருவம் கூர்மையாவது அதற்குக் காரணம். சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்பில் ஒளிரும் வெள்ளை எழுத்து விளிம்பு கலைந்து தெரியும். பிரதிபலிப்பும் கைரேகையும் கறுப்புத் திரையில்தான் அதிகம் கண்ணை உறுத்தும். ஆகவே டார்க் மோடு மூன்று தொகுப்புகளில் ஒன்றாக இருக்கட்டும். ஆலை முழுமைக்கும் அதுவே மருந்து என்று எழுதிக்கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது, இங்கே வேலை செய்பவர்கள் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள், மருத்துவச் சோதனையில் தேறியவர்கள், அவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்பது. கண் நன்றாக இருந்தாலும் பிரதிபலிப்பின் கணக்கு மாறாது, மூன்றாவது ஷிப்டின் களைப்பும் மாறாது. 1998-ல் இருபது வயதில் வேலைக்கு வந்தவருக்கு இன்று நாற்பத்தைந்து தாண்டிவிட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தத் தொழில்வட்டம் மூப்படையத் தொடங்கிவிட்டது. நான்காவது மறுப்புதான் நடைமுறையில் பெரிது: எந்திரம் ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வருகிறது, மென்பொருள் பூட்டியிருக்கிறது, கை வைத்தால் வாரண்டி போய்விடும், நாம் சொன்னால் அவன் கேட்பானா? கேட்பான், வாங்குகிறவர்கள் சேர்ந்து சொன்னால். 2012-ல் மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் ஸ்டுடியோ மென்பொருளை ஒரே சாம்பலாக்கி, மெனுக்களை முழுக்க ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில் வெளியிட்டபோது நிரலாளர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள். 2013-ல் நீல நிறத் தொகுப்பு ஒன்று கூடுதலாக வந்தது. 2025 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் திரையைக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும்படி மாற்றியது. எழுத்து கலங்குகிறது என்று முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த சில வாரங்களிலேயே, நவம்பரில், ஊடுருவலைக் குறைக்கும் தேர்வு வந்துசேர்ந்தது. தனித்தனி நுகர்வோரின் குரலுக்கே இவ்வளவு வலு இருக்கிறது. ஒரே ஆணையில் பல எந்திரங்களை வாங்கும் ஓர் ஆலைக்கு எவ்வளவு வலு இருக்க வேண்டும்?

பெரிய ஆலைகள் இதைச் செய்துவிடும். கவலை சிறு பட்டறைகளைப் பற்றியது. பழைய எந்திரத்தை இரண்டாம் கையாக வாங்கி, அதன் திரையில் பாதி மங்கிய பின்னும் ஓட்டுகிறவர்களிடம் புதிய மென்பொருளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர்களுக்கு உதவும் வழிகள் எளியவை. திரைமேல் நேராக விழும் விளக்கை நகர்த்துவது; பலகையின் சாய்வைத் திருத்துவது; ஒரு தகர மறைப்பு; ஒளிர்வு அமைப்பைத் தேடி ஏற்றுவது; மங்கிய பின்விளக்கை மாற்றுவது; அடிக்கடி வரும் பிழை எண்களைத் தடித்த தமிழ் எழுத்தில் அச்சிட்டுப் பக்கத்தில் ஒட்டுவது. கணினி வழியே இயங்கும் எந்திரமானால் விண்டோஸிலேயே உயர் வேறுபாட்டுத் தொகுப்புகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஆனால் ஆபரேட்டருக்கு அமைப்புப் பக்கமே திறக்காதபடி பூட்டியிருப்பார்கள். அந்த ஒரு பூட்டை மட்டும் தளர்த்தலாம்.

செய்ய வேண்டியவர்கள் மூவர். எந்திரம் வாங்கும் அதிகாரிகள் கொள்முதல் ஆணையில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: மெனு எழுத்தின் விகிதம் 7-க்கு 1-க்குக் குறையக் கூடாது, நிறத்தோடு சொல்லோ வடிவமோ இருக்க வேண்டும், மூன்று தொகுப்புகள் வேண்டும், தமிழ் எழுத்தைக் காட்டிச் சோதிக்க வேண்டும். அந்த 7 என் கற்பனை எண் இல்லை. அதே இணைய நெறிமுறைகளின் உயர்நிலை அளவு. எந்திரத்தை ஏற்கும் சோதனையை அது நிற்கப்போகும் இடத்தில், பகலில் ஒருமுறையும் சி ஷிப்டில் ஒருமுறையும், அதை இயக்கப்போகிறவரை வாசிக்கச் சொல்லிச் செய்ய வேண்டும். தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலின் பணிநிலைமைப் பகுதியில் கழிவறைக்கும் கேன்டீனுக்கும் அருகே இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், விளக்கொளியை அளக்கும் ஆய்வாளர் திரையொளியையும் அளக்கும்படி தன் ஆய்வுப் படிவத்தைத் திருத்த வேண்டும். புதிய தொகுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மாநில விதிகளிலேயே அதைச் சேர்த்துவிட்டால் தனிச் சட்டம் தேவைப்படாது.